விளக்குக்குத் தெரியாத ஒரு பல்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் நிற்கும். இப்போது வயதாகிக் கொஞ்சம் தேவலை. ஹட்டனில் டிக்கோயா போகிற ரோட்டோரமாகக் கராஜ் வைத்திருந்த நாட்களில், யாராவது என் வேலையில் குறை சொன்னால் கையிலிருக்கும் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டுத்தான் பதில் சொல்வேன். கையில் வைத்துக்கொண்டு பேசினால் வந்தவர்கள் பயப்படுகிறார்கள் என்று என் அக்கா ஒரு தடவை சொல்லியிருந்தாள். அந்தக் கோபமும் ஒரு சின்ன மஞ்சள் விளக்கின் மேல் எனக்கிருந்த நம்பிக்கையும் சேர்ந்து, அதே அக்காவின் குடும்பத்தைத் தெருவில் நிறுத்தப் பார்த்தன.

எண்பதுகளின் பிற்பகுதியில்தான் ஜப்பானில் ஓடி, புதுப்பிக்கப்பட்டு வந்த ரீகண்டிஷன் கார்கள் எங்கள் மலைக்கு ஏறி வர ஆரம்பித்தன. அதுவரை என்னிடம் வந்தவையெல்லாம் பழைய இங்கிலீஷ் கார்கள். அவற்றுக்குக் காதும் மூக்கும் போதும். பிளக்குகளுக்கு நெருப்புப் பங்கிட்டுக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டரைக் கையால் கொஞ்சம் இப்படித் திருப்பி, கொஞ்சம் அப்படித் திருப்பி, சத்தம் சரியாக வந்த இடத்தில் இறுக்கிவிட்டால் டைமிங் சரி. புதிதாக வந்த கார்கள் அப்படியில்லை. அவற்றுக்குள் ஒரு மூளைப் பெட்டி இருந்தது. டிரைவருக்கு முன்னால் எஞ்சின் படம் போட்ட மஞ்சள் விளக்கு ஒன்று இருந்தது. பொனட்டுக்குள் இருக்கும் ஒரு சின்னப் பெட்டியின் இரண்டு துளைகளை ஒரு துண்டு வயரால் இணைத்துச் சாவியைத் திருப்பினால், அந்த விளக்கு கண் சிமிட்டிப் பேசும். இரண்டு சிமிட்டல், ஓர் இடைவெளி, மறுபடி இரண்டு சிமிட்டல் என்றால் இருபத்திரண்டாம் நம்பர். எஞ்சின் சூட்டைச் சொல்லும் கருவி செத்துவிட்டது என்று பொருள். நிற்காமல் ஒரே சீராகச் சிமிட்டிக்கொண்டே இருந்தால் பழுது எதுவும் இல்லை.

இந்த நம்பர்களையெல்லாம் கொழும்பில் ஒரு கராஜில் வேலை செய்த தெரிந்தவர் ஒருவரிடமிருந்து ஓர் அப்பியாசக் கொப்பியில் பார்த்து எழுதிக்கொண்டு வந்திருந்தேன். அப்போது ஹட்டனில் வேறு யாரிடமும் அது இல்லை. கொட்டகலையிலிருந்து வந்த ஒரு கார், காலையில் கிளம்பமாட்டேன் என்று மூன்று கராஜ்களில் அடம் பிடித்துவிட்டு என்னிடம் வந்தது. விளக்கு இருபத்திரண்டு என்றது. அந்தக் கருவியை மாற்றினேன், மறுநாள் காலை ஒரே திருப்பில் கிளம்பியது. அதோடு எனக்குத் தலைகால் புரியவில்லை. கார்ச் சொந்தக்காரர்களை முன் சீட்டில் உட்கார வைத்து, அவர்கள் வாயாலேயே சிமிட்டலை எண்ணச் சொல்வேன். அவர்கள் எண்ணி முடித்ததும் கொப்பியைப் பிரித்துத் தீர்ப்புச் சொல்வேன். சாமியாடி வாக்குச் சொல்கிறவர்களுக்குக்கூட அவ்வளவு மிடுக்கு இருந்திருக்காது.

இனி மச்சானைப் பற்றி. அக்காவின் வீட்டுக்காரர் வட்டகொடைப் பக்கம் ஒரு தோட்டத்தில் பல வருஷம் தேயிலை லொறி ஓட்டியவர். அதிகம் பேசமாட்டார். ஹட்டன் டவுனில் பலசரக்குக் கடை வைத்திருந்த ஒரு முதலாளி வெள்ளை நிறத்தில் ஒரு ரீகண்டிஷன் கார் வாங்கி, தன் பயணத்துக்குப் போக மற்ற நேரத்தில் ஸ்டேஷனில் வாடகைக்கு விட நினைத்தார். மச்சானை டிரைவராக வைத்துக்கொண்டார். கடைக்குப் பின்னால் இருந்த அறையைக் குடியிருக்கக் கொடுத்தார். அக்கா தோட்டத்து வேலைப் பதிவில் தன் பெயரை வெட்டச் சொல்லி, தோட்டம் கொடுத்திருந்த லயத்து வீட்டையும் திருப்பிக் கொடுத்துவிட்டு டவுனுக்கு வந்துவிட்டாள். மகளை டவுன் பள்ளிக்கூடத்தில் சேர்த்தாள். வேலை போனால் அறையும் போகும், திரும்பிப் போக லயமும் கிடையாது. இது எங்கள் எல்லோருக்கும் தெரியும், யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

எங்கள் பக்கத்தில் தட்டை நிலம் என்றால் கோயில் வாசலும், காலையில் தொழிலாளர்களைப் பேர் கூப்பிடும் பெரட்டுக் களமும்தான். மற்றதெல்லாம் சரிவு. என் கராஜ் முற்றமும் அப்படித்தான், மேலே ரோடு, கீழே தேயிலை. அதனால் வண்டியை நிறுத்துவதற்கு மலையில் எல்லோருக்கும் ஒரே வழக்கம். மூக்கை மேட்டுப் பக்கம் வைத்து, முதல் கியரில் போட்டு, பின் சக்கரத்துக்கு ஒரு கல்லை அண்டைக் கொடுப்போம். ஹேண்ட் பிரேக்கை நம்புகிறவர்கள் கொழும்புக்காரர்கள் என்று சிரிப்போம். டிக்கியில் மாற்று டயர் இல்லாத கார் இருக்கலாம், கல் இல்லாத கார் இருக்காது.

முதலாளியின் வெள்ளைக் கார் முதல்முறை எண்ணெய் மாற்ற என்னிடம் வந்தது. வேலையை முடித்து, மூக்கு மேலே, முதல் கியர், கல் என்று வழக்கப்படி நிறுத்திவிட்டு இன்னொரு வண்டிக்கு அடியில் படுத்திருந்தேன். தூறல் போட்டது. கல் ஈர மண்ணில் சறுக்கியிருக்க வேண்டும். “டக்… டக்… டக்…” என்று தயங்கித் தயங்கி ஒரு சத்தம். தலையை நீட்டிப் பார்த்தால் வெள்ளைக் கார் பத்தடி பின்னால் போய், தேயிலைச் செடிகள் நிற்கும் மண்மேட்டில் முட்டிக்கொண்டு நிற்கிறது. ஓடினேன். ஒரு கீறல்கூட இல்லை. போன உயிர் திரும்பி வந்தது. ஸ்டார்ட் செய்து மேலே ஏற்றி, இந்தத் தடவை பெரிய கல்லாகப் பார்த்து வைத்தேன். மத்தியானம் மச்சான் வந்து காரை எடுத்துப் போனார். நான் அவரிடம் எதுவும் சொல்லவில்லை. ஒன்றும் ஆகாத விஷயத்தில் சொல்ல என்ன இருக்கிறது என்று நினைத்தேன்.

இரண்டு நாளில் மச்சான் காரோடு திரும்பி வந்தார்.

“ஏத்தத்துல தகர டப்பாவுல கல்லப் போட்டுக் குலுக்குன மாதிரி சத்தம் வருது மாப்ள. இழுவையும் இல்ல.”

நெருப்பு விழும் நேரத்தைக் காட்டும் டைமிங் லைட்டைப் பிடித்துப் பார்த்தேன். எஞ்சினின் கீழ்ச் சக்கரத்தில் இருக்கும் கோடு நிற்க வேண்டிய இடத்தில் நிற்கவில்லை. நெருப்பு நேரத்துக்கு முன்னாலேயே விழுகிறது. டிஸ்ட்ரிபியூட்டரின் போல்ட்டைத் தளர்த்தித் திருப்பினேன். கோடு சரியான இடத்துக்கு வரும்போது போல்ட், அது நகர வெட்டியிருக்கும் காடியின் கடைசி முனையில் போய் நின்றது. அதைக் கண்ணால் பார்த்தேன், மனதில் வாங்கவில்லை. சத்தம் போய்விட்டது. விளக்கையும் கேட்டேன். ஒரே சீராகச் சிமிட்டியது. சுகம் என்றது.

மச்சான் ரோட்டில் ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தார். “சத்தம் போயிருச்சு. ஆனா இழுவ வரல மாப்ள. ரெண்டாவதுல போட்டு எம்புட்டு மிதிச்சாலும் மூச்சு வாங்குது.”

“மேல போகப் போகக் காத்து கொறையும் மச்சான்.”

“போன வாரமும் இதே காத்துதானே?” என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. ஸ்பேனரைக் கீழே வைத்தேன். பிறகு அக்கா முகம் ஞாபகம் வந்து, பேசாமல் அனுப்பி வைத்தேன்.

அந்த வாரம்தான் முதலாளியின் மகளுக்குச் சம்பந்தம் பேச உடப்புசல்லாவையிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்திருந்தார்கள். பேச்சு நல்லபடியாக முடிந்தது. அவர்களைத் தன் புதுக் காரிலேயே வீடு கொண்டுபோய் விடுவதாக முதலாளி பெருமையாகச் சொல்லி ஏற்றிக்கொண்டார். தலவாக்கலையைத் தாண்டி நானுஓயாவுக்கு முன்னால் வரும் ஏற்றத்தில் கார் திணறியது. இரண்டாவது கியர், முதலாவது கியர், பிறகு அதுவும் இல்லை. கடைசியில் எல்லோரையும் இறக்கினார்கள். மாப்பிள்ளையின் அம்மா பட்டுச்சேலையோடு தூறலில் மேடேறி நடந்தார். வெறும் கார் அவருக்கு முன்னால் ஊர்ந்து போய், மேலே காத்திருந்தது. வழியில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் கூடையோடு நின்று வேடிக்கை பார்த்தார்களாம். முதலாளி இதைச் சொன்னபோது, சம்பந்தியம்மா நடந்ததைவிட அந்தப் பெண்கள் சிரித்ததுதான் அவருக்கு அதிகமாக வலித்தது என்று தெரிந்தது.

அவர் அதைச் சொன்னது புதன்கிழமை காலை. முதலாளியும் மச்சானும் ஒன்றாக என் கராஜுக்கு வந்திருந்தார்கள். முதலாளி முன் சீட்டில் உட்கார்ந்தார். நான் வயர்த் துண்டைச் சொருகினேன். விளக்கு சிமிட்டியது. அவர் எண்ண ஆரம்பித்து, முப்பதுக்கு மேல் போனதும் நிறுத்திவிட்டார்.

“இது நிக்கவே மாட்டேங்குதே பாஸ். என்ன அர்த்தம்?” எங்கள் ஊரில் மெக்கானிக், மேசன் எல்லோரும் பாஸ்தான்.

“பழுதில்லன்னு அர்த்தம் மொதலாளி.”

“ஏத்தத்துல நிக்கிது. பழுதில்லங்கிறீங்க. ஒரே வார்த்தையில சொல்லுங்க, பழுது வண்டியிலயா, ஓட்டுறவன்கிட்டயா?”

மச்சான் என்னைப் பார்த்தார். கெஞ்சுகிற பார்வையில்லை. சும்மா, நான் என்ன சொல்லப்போகிறேன் என்று கேட்க நின்றார். அந்த நேரத்தில் எனக்கு நினைவு வந்ததெல்லாம் “போன வாரமும் இதே காத்துதானே” என்று அவர் சொன்னதுதான். என் விளக்கைவிட இவருக்கு அதிகம் தெரியுமா?

“வண்டி சுத்தமா இருக்கு மொதலாளி,” என்றேன். “இது லொறிக் காலு. இந்த வண்டிக்கு அது சரிவராது.”

மச்சான் குனிந்து, பின் சக்கரத்துக்கு வைத்திருந்த கல்லை எடுத்து டிக்கியில் போட்டார்.

“திங்கக்கிழமையிலருந்து வேற ஆளு வருது,” என்றார் முதலாளி. “ரூமையும் அவனுக்குத்தான் குடுக்கணும். ஒன் சாமானெல்லாம் ஞாயித்துக்கிழமைக்குள்ள எடுத்துக்க.”

அவ்வளவு தூரம் போகும் என்று நான் நினைக்கவில்லை. இரண்டு திட்டுத் திட்டுவார், அதோடு முடியும் என்று நினைத்திருந்தேன். ஆனாலும் சொன்ன வார்த்தையைத் திருப்பி எடுக்கவில்லை. கார் நல்லாத்தானே இருக்கிறது, நான் பொய்யா சொன்னேன் என்று எனக்கு நானே முணுமுணுத்துக்கொண்டு அன்றைக்கு முழுவதும் எல்லோர்மீதும் எரிந்து விழுந்தேன்.

வியாழக்கிழமை அக்கா வந்தாள். சண்டை பிடிக்கத்தான் வருகிறாள் என்று நினைத்துப் பதிலையெல்லாம் தயாராக வைத்திருந்தேன். அவள் திட்டியிருந்தால் நான் தப்பித்திருப்பேன்.

“நீ சொன்னா சரியாத்தான்டா இருக்கும்,” என்றாள். “நீ அதையெல்லாம் படிச்சு வச்சிருக்கிறவன். இவருக்கு இந்த வண்டி கைக்கு வரல, அதுக்கு யாரு என்ன செய்ய முடியும்? ஒனக்குக் கண்டாக்கையாவத் தெரியும்ல, தோட்டத்துல எம் பேரத் திரும்பப் போடுவாங்களான்னு கேட்டுப் பாரு. லயத்துல காம்பரா ஒண்ணு குடுத்தாக்கூடப் போதும்.”

சரி என்று தலையாட்டினேன்.  ஆனால் தோட்டத்து வேலைகளை மேற்பார்க்கும் கண்டாக்கையாவைப் பார்க்க நான் போகவில்லை. போகாததற்கு வேலை அதிகம் என்று காரணம் சொல்லிக்கொண்டேன். உண்மையில், போனால் நடந்தது நிஜமாகிவிடும் என்று பயம்.

சனிக்கிழமை காலை, மிஷன் பள்ளிக்கூடத்து மாஸ்டர் ஒருவர் தன் பழைய இங்கிலீஷ் காரைக் கொண்டுவந்தார். வழக்கம்போல மூக்கு மேலே, முதல் கியர், கல். பொனட்டைத் திறந்து வைத்திருந்தேன். மாஸ்டர் எஞ்சினைப் பார்க்கக் குனிந்து, முன் பக்கத்தில் கையை ஊன்றினார். கல் கொஞ்சம் நகர்ந்தது. கார் ஒரு முழம் பின்னால் போய் நின்றது. “டக்… டக்…” மாஸ்டர் துள்ளி விலகினார்.

“பயப்படாதீங்க மாஸ்டர். பாருங்க, விசிறி தலகீழாச் சுத்துது!” என்று சிரித்தேன்.

சிரித்த வாய் அப்படியே நின்றுவிட்டது. முதல் கியரில் நிற்கும் வண்டி பின்னால் உருண்டால் எஞ்சின் தலைகீழாகத்தான் சுற்றும். இந்தப் பழைய எஞ்சின்களுக்கு அது ஒன்றும் செய்யாது, உள்ளே இரும்புச் சங்கிலி. ஆனால் வெள்ளைக் காருக்குள் இருந்தது பல் வைத்த ரப்பர் பெல்ட். கீழ்ச் சக்கரத்தையும் மேலே வால்வுகளைத் திறந்து மூடும் சக்கரத்தையும் அதுதான் சேர்த்துக் கட்டியிருக்கிறது. முன்னால் சுற்றும்போது இறுக்கமாக நிற்கும் அந்த பெல்ட், பின்னால் சுற்றினால் ஒரு பக்கம் தொய்யும். தொய்ந்தால் பல் தாண்டும்.

அப்போதுதான் காடியின் கடைசி முனையில் போய் நின்ற அந்த போல்ட் கண்ணுக்குள் வந்தது. ஜப்பானில் பூட்டிய பிறகு அந்த டிஸ்ட்ரிபியூட்டரை யாரும் தொட்டதில்லை. அது ஏன் அவ்வளவு தூரம் விலகியிருக்க வேண்டும்? அது விலகவேயில்லை. அதைச் சுற்றும் மேல் சக்கரம் பெல்ட்டோடு சேர்ந்து விலகியிருந்தது. காய்ச்சல்காரனின் தெர்மோமீட்டரை உதறிக் கீழே இறக்கிவிட்டுக் காய்ச்சல் போய்விட்டது என்று சொல்கிற வேலையைத்தான் நான் செய்திருக்கிறேன். விளக்கும் பொய் சொல்லவில்லை. தன்னோடு இருக்கும் வயர்களைப் பற்றித்தான் அது பேசும். பெல்ட்டைப் பற்றி அதற்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

மாஸ்டரை அப்படியே விட்டுவிட்டு, எண்ணெய்க் கையோடு டவுனுக்கு ஓடினேன். முதலாளியின் கடை வாசலில் மச்சான் காரைத் துடைத்துக்கொண்டிருந்தார். நாளை ஒப்படைக்கப்போகிற காரை அவ்வளவு அக்கறையாகத் துடைக்கிறவரைப் பார்த்ததும் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

“மொதலாளி, வண்டிய ஒரு ரெண்டு மணித்தியாலம் குடுங்க. நான் பாத்தது தப்பு.”

“அன்னைக்குப் பழுதில்லன்னீங்க. இன்னைக்குப் பழுதுங்கிறீங்க. மச்சானுக்காகப் பேசுறீங்களா பாஸ்?”

“கூட வாங்க. ஒங்க கண்ணாலயே பாருங்க.”

மூன்று பேரும் கராஜுக்குப் போனோம். பெல்ட்டை மூடியிருந்த பிளாஸ்டிக் மூடிகளைக் கழற்றினேன். அவசரத்தில் ஒரு போல்ட் கீழே விழுந்து, அதை மச்சான் தேடி எடுத்துக் கொடுத்தார். கீழ்ச் சக்கரத்தை ஸ்பேனரால் மெதுவாகத் திருப்பி, அதன் கோட்டைச் சரியாகச் சுழியத்தில் நிறுத்தினேன். இப்போது மேல் சக்கரத்தில் இருக்கும் சின்ன ஓட்டை, அதற்குப் பின்னால் வெட்டியிருக்கும் அடையாளத்துக்கு நேராக நிற்க வேண்டும். எட்டிப் பார்க்கப் பயமாக இருந்தது. அது நேராக இருந்துவிட்டால் எனக்கு வேறு எதுவும் தெரியாது, ஞாயிற்றுக்கிழமை அக்காவின் சாமான்களை நான்தான் தூக்க வேண்டும்.

பார்த்தேன். தாண்டி நின்றது. பல்லை எண்ணினேன். மறுபடி எண்ணினேன்.

“மச்சான், ஒரு பல்லு!” என்று கத்தினேன். “ஒரே ஒரு பல்லு மச்சான்!”

ஈர மண்ணில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. ஒரு வண்டியில் பழுதைப் பார்த்து அதற்கு முன்னும் பின்னும் நான் அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை. முதலாளி என்னையும் எஞ்சினையும் மாறி மாறிப் பார்த்தார். எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்றே நினைத்திருப்பார்.

அதற்குப் பிறகு வேலை ஓடியது. பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் உருளையைத் தளர்த்தி, பெல்ட்டை மேல் சக்கரத்திலிருந்து வழுக்கி எடுத்தேன். பற்களைத் தடவிப் பார்த்தேன், ஒன்றும் உடையவில்லை. மேல் சக்கரத்தை ஒரு பல் பின்னால் திருப்பி, ஓட்டையும் அடையாளமும் நேருக்கு நேர் நிற்கப் பூட்டினேன். இரண்டு முழுச் சுற்றுக் கையாலேயே சுற்றி மறுபடி பார்த்தேன். டைமிங் லைட்டைப் பிடித்து டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பினால், போல்ட் காடியின் நடுவில் வந்து நின்றபோது கோடும் தன் இடத்துக்கு வந்து நின்றது. எஞ்சினின் சத்தமே மாறிவிட்டது.

முதலாளி அதைக் கேட்டார். அவருக்கும் புரிந்தது. பிறகு கேட்க வேண்டியதைக் கேட்டார்.

“பெல்ட்டு எப்பிடி பாஸ் தாண்டுச்சு? இவன் ஓட்டுன ஓட்டுலயா?”

ஜப்பானிலேயே அப்படித்தான் வந்திருக்கும் என்று சொல்லியிருக்கலாம். ஒருவருக்கும் தெரியாது. மச்சானின் வேலையும் நிற்கும், என் பெயரும் நிற்கும். அந்த எண்ணம் வந்தது, வரவில்லை என்று சொன்னால் பொய். ஸ்பேனரைக் கீழே வைத்தேன். இந்தத் தடவை கோபத்தில் இல்லை.

“இல்ல மொதலாளி. நான் செஞ்சது. எண்ணெய் மாத்த வந்த அன்னைக்கு இந்த முத்தத்துலதான் நிப்பாட்டியிருந்தேன். கல்லு சறுக்கி வண்டி பின்னால உருண்டு, அந்தா அந்த மண்மேட்டுல போய் நின்னுச்சு. அதுலதான் எஞ்சின் தலகீழாச் சுத்தி பெல்ட்டு தாண்டியிருக்கு. கீறல் ஒண்ணும் இல்லன்னு நான் யாருக்கும் சொல்லல.”

முதலாளியின் முகம் சிவந்தது. “அன்னைக்கே சொல்லியிருந்தா என் சம்பந்தியம்மா பட்டுச்சேலையோட மழையில நடந்திருப்பாங்களா? நான் இவன வேலைய விட்டு அனுப்பியிருப்பனா? விளக்கு காட்டுறாராம், விளக்கு!” இன்னும் நிறையச் சொன்னார்.  ஆனால் அவர் திட்டத் திட்ட, நெஞ்சில் புதன்கிழமையிலிருந்து ஏறி உட்கார்ந்திருந்த பாரம் இறங்கிக்கொண்டே போனது. நின்று நிதானமாக வாங்கிக்கொண்டேன்.

திட்டி முடித்ததும், “அதே ஏத்தத்துல ஏறிக் காட்டுங்க. அப்பறம் பேசுவோம்,” என்றார். கடைக்குப் போய் மூன்று மூட்டை அரிசி ஏற்றினார். சம்பந்தி வீட்டார் எடைக்கு எடை இருக்க வேண்டுமாம். நான் பின் சீட்டில் ஒரு மூட்டைக்குப் பக்கத்தில் ஒடுங்கி உட்கார்ந்தேன். மச்சான் ஓட்டினார்.

கொட்டகலை, தலவாக்கலை எல்லாம் போனது தெரியவில்லை. வழியில் மச்சானுக்கு விஷயத்தை விளக்கினேன். மூக்கு மேட்டில் நிற்கும்போது முதல் கியருக்குப் பதிலாக ரிவர்ஸில் போட வேண்டும். அப்போது வண்டி பின்னால் உருண்டாலும் எஞ்சின் தன் வழக்கமான திசையில்தான் சுற்றும், பெல்ட் தாண்டாது. அவர் கண்ணாடியில் என்னைப் பார்த்து ஒரு தடவை தலையசைத்தார்.

ஏற்றம் வந்தது. மச்சான் மூன்றாவது கியரில் இருந்தார். முதலாளி முன்னால் சாய்ந்து, டேஷ்போர்டைப் பிடித்துக்கொண்டார், தான் தள்ளினால் ஏறும் என்பதுபோல. வளைவில் மச்சான் இரண்டாவதுக்கு மாற்றினார், மிதித்தார். கார் முனகாமல் எழுந்து மேலே போனது. மாப்பிள்ளையின் அம்மா இறங்கி நடந்த இடம் பக்கத்தில் வந்தது, பின்னால் போனது.  மேலே ஏறி முடித்ததும் முதலாளி சாய்ந்து உட்கார்ந்து, தன் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தார்.

“திங்கக்கிழமை காலம்பற ரயிலுக்கு ஸ்டேஷன்ல நில்லு,” என்றார் மச்சானிடம், ரோட்டைப் பார்த்தபடி. “அந்த ஆளுக்கு நான் சொல்லிக்கிறேன்.” கொஞ்ச தூரம் போன பிறகு, “ரூமுல கூர ஒழுகுதுன்னியே, ஆளு விட்டுப் பாக்கச் சொல்றேன்,” என்றார்.

கண்ணாடியை இறக்கிவிட்டேன். குளிர் காற்று முகத்தில் அடித்தது. அக்கா லயத்துக்குத் திரும்ப வேண்டியதில்லை. கண்டாக்கையாவிடம் நான் போகாததும் நல்லதாகப் போயிற்று. அரிசி மூட்டையின் மேல் தலையைச் சாய்த்துக்கொண்டு, ஒரு நிமிஷம் கண்ணை மூடிக் கிடந்தேன்.

ஒரு தேத்தண்ணிக் கடைக்கு முன்னால், சரிவில் கார் நின்றது. முதலாளி இறங்கி உள்ளே போனார். மச்சான் எஞ்சினை நிறுத்தினார். பிரேக்கிலிருந்து காலை எடுக்காமல், திரும்பாமல், என்னிடம் பேசினார்.

“நீ அதச் சொல்லுவன்னு நான் நெனைக்கல மாப்ள.”

“எத மச்சான்?”

“மண்மேட்டுல முட்டுனத. எண்ணெய் மாத்தி வண்டிய எடுக்க வந்தன்ல, அன்னைக்கே பாத்தேன். பின்னால நம்பர் தகட்டுக்கு மேல செவப்பு மண்ணு, ரெண்டு தேயில எல. கடைக்குப் போறதுக்கு முந்தி நானே தொடச்சிட்டேன்.”

“ஏன் மச்சான் என்கிட்டக் கேக்கல? மொதலாளிகிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல?”

“மொத தடவ அவரு வண்டிய ஒன்ட்டக் குடுக்குறாரு. மண்ணப் பாத்தா அடுத்த தடவ குடுப்பாரா? இழுவ போனது அதுனாலதான்னு எனக்கென்ன தெரியும்.”

அப்படியானால் புதன்கிழமை, நான் விளக்கைக் காட்டி “லொறிக் காலு” என்று சொன்னபோதும், அவர் குனிந்து கல்லை எடுத்துப் போட்டபோதும் அது அவருக்குத் தெரியும். ஒரு வார்த்தை சொல்லி என்னை அங்கேயே கவிழ்த்திருக்கலாம். சொல்லாமல், தன் சாமான்களைக் கட்டப் போயிருக்கிறார்.  என்னை மன்னிச்சிருங்க மச்சான் என்று சொன்னேனா, சொல்ல வாயெடுத்தேனா என்று இன்றைக்கும் எனக்குச் சரியாக நினைவில்லை.

அவர் கையைக் கியரின் மேல் வைத்தார்.

“மூக்கு மேல நிக்குது. எதுல போடணும்னு சொன்ன மாப்ள?”

“ரிவர்ஸ்ல மச்சான்.”

போட்டார். நான் இறங்கி டிக்கியைத் திறந்து, கல்லை எடுத்துப் பின் சக்கரத்துக்கு அண்டைக் கொடுத்தேன். சறுக்குகிறதா என்று காலால் இரண்டு தடவை உதைத்துப் பார்த்துவிட்டு, “இப்ப கால எடுங்க மச்சான்,” என்றேன்.